பொன்னாடை போர்த்தினால் ஆள் தங்குமா?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரணப் பொருள்களைப் பிரிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாள் வந்தான். பாய், போர்வை, பிஸ்கட், நாப்கின் என்று மூட்டை மூட்டையாகப் பிரித்து அடுக்கினான். நான்காம் நாள் கிளம்பும்போது, "அண்ணா, இதெல்லாம் எந்தத் தெருவுக்குப் போச்சு?" என்று கேட்டான். லாரியில் ஏறியதுவரைதான் எனக்குத் தெரியும். "எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் தம்பி" என்றேன். அப்புறம் அவன் வரவில்லை. அவன் பெயரில் அடித்த சான்றிதழ் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது.

தொண்டு நிறுவனங்களில் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை. "முதலில் நன்றாக வந்தார்கள், இப்போது ஆர்வம் போய்விட்டது" என்ற புலம்பலைக் கேட்காத மாதமில்லை. உடனே ஆண்டு விழா, பொன்னாடை, கேடயம் என்று இறங்கிவிடுவார்கள். (கேடயத்தில் பெயர் தப்பாக இருக்கும், அது தனிக் கதை.) ஆர்வம் தானாக வற்றியதை நான் அதிகம் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து வந்தவரைப் பதினொரு மணிவரை சும்மா உட்காரவைத்து, பிறகு போட்டோவுக்கு மட்டும் நிற்கச் சொன்னால், அடுத்த வாரம் ஏன் வரப்போகிறார்? மரியாதைக்காக வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இருப்பார். நாமும் 120 பேர் இருக்கிறார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருப்போம்.

கேரளத்தின் மலப்புரத்தில் 1990களின் இறுதியில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை அக்கம்பக்கத்தாரே கவனித்துக்கொள்ளும் பாலியேட்டிவ் கேர் (நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) அமைப்பு ஒன்று உருவானது. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 16 மணி நேர வகுப்பு, 4 நாள் நேரடிப் பயிற்சி. அப்புறம் அவரவர் ஊரிலேயே வேலை. கேட்ட நேரம் கொஞ்சம், கொடுத்த பயிற்சி சரியானது. அதைவிட முக்கியம், நோயாளி இருப்பது அடுத்த தெருவில். தன் உழைப்பு என்ன ஆயிற்று என்று அந்தத் தன்னார்வலர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போகாவிட்டால், "போன வாரம் ஏன் வரல?" என்று அந்த வீட்டிலேயே கேட்பார்கள்.

இதைப் பார்த்துத்தான் எங்கள் மாலை நேர வகுப்புகளை மாற்றினோம். முப்பது பிள்ளைகளைக் கூட்டி ஒருவரிடம் விடாமல், ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்று பிரித்தோம். அதில் ஒருத்திக்குக் கழித்தலில் கடன் வாங்கும் கணக்கு பிடிபட்டால், அது முதலில் தெரிவது அந்தத் தன்னார்வலருக்குத்தான். வருகை தானாகச் சீரானது.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் விஷயம் வேறு. "சேவை மனப்பான்மை இருக்கிறதா?" என்று நேர்காணலில் கேட்டால், சம்பளத்தைப் பற்றிப் பேசாதே என்று அர்த்தம். நிதி நெருக்கடி நிஜம்தான். வெளிநாட்டு நிதியில் 50 சதவீதம்வரை அனுமதிக்கப்பட்டிருந்த நிர்வாகச் செலவை, 2020இல் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. கணக்கு எழுதுகிறவர் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தம், பத்து நாள் இடைவெளி, மறுபடி ஒப்பந்தம் என்று ஓட்டுகிற வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. தொடர்ந்து பல வருடம் வேலை செய்தவர் விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்ற சொல்லையே கேட்காமல் எட்டு வருடம் உழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் முன்பு இருந்த ஓரிடத்தில் நல்ல களப்பணியாளர் ஒருவர் விலகினார். என்னம்மா காரணம் என்று கேட்டேன். "சம்பளம் கம்மின்னு தெரிஞ்சுதான் சார் சேர்ந்தேன். பெட்ரோல் காசுக்கு மூணு மாசமா அலையவிட்டீங்களே, அதுதான்" என்றார். வவுச்சர் என் மேசையில்தான் இருந்தது, கையெழுத்துக்காக.

இப்போது ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, கூட்டம் தொடங்குவதற்கு முன் பயணப்படி பாக்கி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கிறேன். இருந்தால், அதை முடித்த பிறகுதான் கூட்டம்.