ஒரு சின்ன அஸ்பிரின், ஒரு வாரத்து வேலை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிளினிக் நாளில் கொப்பியோடு காத்திருப்பவர்களைப் பாருங்கள். மாரடைப்போ பாரிசவாதமோ வந்து தப்பியவர்களில் பலரின் மருந்துப் பையில் 75 மில்லிகிராம் அஸ்பிரின் இருக்கும். இதய நாடியைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவரென்றால் குளோபிடோகிரெல் என்ற குளிசையும் சேர்ந்திருக்கும். வேலி அடைக்கும்போது முள்ளுக்கம்பி கிழித்து இரத்தம் நிற்கச் சுணங்கினால், சிலர் பயந்து குளிசையை விட்டுவிடுகிறார்கள். சுணங்குவது குளிசையால்தான், அது சரி. விடுவதில்தான் ஆபத்து.

இரத்தத்தில் ஒரு மைக்ரோலீட்டருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை குருதிச் சிறுதட்டுகள் உண்டு. குழாய் கிழிந்த இடத்தில் அவை ஒட்டிக்கொண்டு, துரொம்பொக்சேன், ஏடிபி என்ற பொருள்களை வெளிவிட்டு மற்றச் சிறுதட்டுகளைக் கூப்பிடும். கம்பிக் கீறல் அடைபடுவது இப்படித்தான். ஆனால் இதய நாடிக்குள் கொழுப்புப் படிவு வெடித்தாலும் அவற்றுக்கு அது காயம்தான். அங்கேயும் கூடி, நாடியையே அடைத்துவிடும்.

அஸ்பிரின், துரொம்பொக்சேன் செய்ய உதவும் நொதியத்தில் போய் ஒட்டி அதை நிரந்தரமாக முடக்குகிறது. மற்றக் கலமென்றால் புது நொதியம் செய்துகொள்ளும். சிறுதட்டுக்குக் கருவே இல்லை, அதனால் தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அப்படியே கிடக்கும். சில மணித்தியாலத்தில் இரத்தத்தை விட்டுப் போகும் மருந்து ஒரு வாரத்துக்கு மேல் வேலை செய்வது இதனால்தான். எனக்கு மருந்தியலில் மிகவும் பிடித்த விஷயம் இது. குளோபிடோகிரெல் ஈரலில் மாற்றம் அடைந்த பிறகு, ஏடிபியின் கூப்பாட்டைக் கேட்கும் வாங்கியை அடைக்கிறது. வழி வேறு என்பதால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்க மருத்துவர் லோரன்ஸ் கிரேவன், டொன்சில் வெட்டியவர்கள் அஸ்பிரின் கலந்த சுவிங்கம் மென்றபோது இரத்தம் கூடுதலாகக் கசிந்ததைக் கவனித்தார். அப்படியானால் மாரடைப்பையும் தடுக்கலாமே என்று 1950இலேயே எழுதினார்.

எலும்புமச்சை தினமும் புதுச் சிறுதட்டுகளை விட்டுக்கொண்டே இருக்கிறது. குளிசையை நிறுத்தினால் சில நாளிலேயே ஒட்டும் பலம் திரும்பத் தொடங்கிவிடும். புது ஸ்டென்ட் உள்ளவருக்கு அது உயிராபத்து. பல்லுப் பிடுங்கப் போனால் இந்தக் குளிசை போடுவதை முதலே சொல்லுங்கள். நிறுத்துவதா இல்லையா என்பதை வைத்தியர் சொல்லட்டும். மலம் தார்போலக் கறுத்துப் போனால் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாரி மழையோடு டெங்கு வரும் காலத்தில் காய்ச்சல் என்றால் அதற்குப் பரசிற்றமோல் மட்டும் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டெங்குவில் சிறுதட்டுகள் குறையும் என்பதால், அஸ்பிரினைத் தொடர்வதா என்று அவர்கள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.