ஆமையும் அமீனாவும்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். (அமீனா என்றால் கோர்ட் உத்தரவோடு ஜப்தி செய்ய வருகிறவர்.) அதே நாம் பெங்களூருக்கு வந்து வீடு வாங்கியதும், வாஸ்துவுக்கு நல்லது என்று ஓர் ஆமையைத் தேடிப் பிடித்து நடுக்கூடத்தில் வைக்கிறோம். அல்சூரில் கால்நடை மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

போன டிசம்பரில் ஒரு பாட்டி பூக்கூடையில் ஈரத்துண்டு போர்த்திக் கொண்டுவந்தார். உள்ளே சிவப்புக்காது ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள நீராமை.

"இரண்டு மாதமாக ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர். குளிருக்குத் தூங்குகிறது என்று பேரன் சொன்னான்."

நாய் ஒருவேளை சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் நள்ளிரவில் என்னை எழுப்புகிறார்கள். ஆமைக்கு இரண்டு மாதத் தவணை. அவர்கள்மேல் குற்றமில்லை. ஆமையின் உடம்பு மெதுவாக இயங்குவதால் நோயும் மெதுவாகத்தான் முற்றுகிறது. அது கத்தாது, நொண்டிக் காட்டாது. சளி கட்டினால் நம்மைப்போல் இருமித் துப்பவும் முடியாது. வீட்டார் கண்ணில் படும்போது நோய்க்கு மூன்று, நான்கு மாத வயதாகியிருக்கும்.

அந்த ஆமைக்கு இமைகள் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் குமிழி. தொட்டியில் ஒரு பக்கம் சாய்ந்தே மிதப்பதாகப் பாட்டி சொன்னார்; நுரையீரலில் தொற்று என்பதற்கு அது ஓர் அடையாளம். விரலால் அழுத்தியபோது ஓடு நெகிழ்ந்தது. ஓடு என்பது ஆமை போட்டுக்கொண்ட சட்டையல்ல, முதுகெலும்போடும் விலாவோடும் ஒன்றான எலும்பு. அது நெகிழ்ந்தால் உள்ளே மற்ற எலும்புகளும் அப்படித்தான் இருக்கும். (அதனால்தான் ஓட்டில் எண்ணெய் தடவாதீர்கள், வண்ணம் பூசாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.)

கேட்டால், ஐந்து வருடமாகக் காய்ந்த இறால் மட்டும்தான் தீனி. வைட்டமின் ஏ இல்லாமல் கண் வீங்கியிருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இல்லாமல் ஓடு இளகியிருக்கிறது.

"வெயில்கூட நன்றாக வருகிறதே, ஜன்னலோரம்தான் தொட்டி" என்றார்.

அங்கேதான் இந்த ஊர் அடுக்குமாடிகளின் ஏமாற்று. உண்ட சுண்ணாம்பு எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதை உடம்பு செய்துகொள்ள வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், மருந்து வராது. கண்ணாடித் தொட்டியை அப்படியே தூக்கி வெயிலில் வைப்பதோ இன்னும் மோசம், ஆமை வெந்துவிடும். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில், பாதிக்கு நிழல் கட்டி, காலை வெயிலில் அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். பருந்தும் காகமும் உண்டு. வெயிலே எட்டாத வீட்டில் புற ஊதா-பி விளக்கு வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் கதிர் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். டிசம்பர் இரவில் இங்கே 15 டிகிரி வரை இறங்குகிறது. நீர் 25 டிகிரியை ஒட்டியும், ஏறிக் காய்கிற கல் 30க்குக் குறையாமலும் இருக்கட்டும்.

சுண்ணாம்புக்கு விலை உயர்ந்த பொடி தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில், இங்கே கிரந்திகெ அங்கடி என்பார்கள், கடல்நுரை கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது. நீராமைக்கு அதோடு கீரை, கேரட், பரங்கிக்காய், முள்ளோடு சிறு மீன். நில ஆமைக்கு அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல். பால்சோறும் ரொட்டியும் யாருக்கும் வேண்டாம்.

நாய்க்கு உண்ணிக்காக வாங்கிவைத்த ஐவர்மெக்டினை ஆமைக்குக் கொடுத்துவிட்டு ஓடிவந்தவர்களும் உண்டு. ஆமைக்கு அது விஷம். வைட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் தோல் உரிந்துவிடும். குழந்தைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆமையிடமிருந்து தொற்றி வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்துதான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குஞ்சு விற்பதை 1975இலேயே தடை செய்தார்கள். இங்கே நாணய அளவில் விற்கிறார்கள். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இனி அமீனா, அதாவது சட்டம் வீட்டுக்குள் வருகிற கதை. ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் உள்ள ஆமையை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து, "சான்றிதழோடு வாங்கினேன்" என்று காகிதம் நீட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் காப்பாற்றாது. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. குற்றம் உறுதியானால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. ஆப்பிரிக்க சுல்காட்டா நில ஆமை போன்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தப் (CITES) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனம் என்றால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அந்த சுல்காட்டாக் குட்டி வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும் என்பது தனிக்கதை.

பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் விட்டுவிடாதீர்கள். தமிழில் நிலத்தில் வாழ்வதற்கும் நீரில் வாழ்வதற்கும் 'ஆமை' என்ற ஒரே சொல் புழங்குவது இங்கே உயிரை வாங்குகிறது. நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் சாகும். சிவப்புக்காது ஆமை நன்றாக நீந்தும். அமெரிக்காவிலிருந்து வந்த அது, நம் குளத்து ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். நட்சத்திர ஆமை என்றால் 1926 என்ற கர்நாடக வனத்துறை எண்ணை அழையுங்கள். சிவப்புக்காது என்றால், கடைசிவரை உங்கள் வீட்டு ஆள்தான்.

பாட்டி நான்கு வாரம் நாள் தவறாமல் பூக்கூடையோடு வந்தார். ஐந்தாவது வாரம் விரலில் பிளாஸ்திரி.

"கண் திறந்துவிட்டது டாக்டர். முதல் வேலையாக என்னைக் கடித்துவிட்டது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.