நீர்க்கொள்வான்: சின்னம்மை என்ற சொல்லும் அதன் சொந்தங்களும்

எனக்குச் சின்னம்மை வந்தபோது 9 வயது. காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையை ஒழித்து, பாய் விரித்து, அதன்மேல் நைந்த வேட்டியையும் வேப்பிலைக் கொத்துகளையும் பரப்பிப் படுக்க வைத்தார்கள். முதுகில் முதல் கொப்புளத்தைப் பார்த்தது அப்பத்தாதான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஆத்தா என்றால் பெற்றவர். அவர் காலையிலிருந்து வீட்டில்தானே இருக்கிறார், எங்கே போய் வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

பெற்ற தாய்க்கும், தெய்வத்துக்கும், நோய்க்கும் ஒரே சொல். அம்மை என்ற சொல்லும் அப்படித்தான். அதன் முதல் பொருள் தாய். குமரி மாவட்டத்தில் இன்றும் தாயை அம்மை என்றே கூப்பிடுகிறார்கள். காரைக்கால் அம்மையார் பெயரில் இருப்பதும் அதே அம்மை. தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் எட்டு வனப்புகளில் முதலாவதன் பெயரும் அம்மைதான். சில மெல்லிய சொற்களால் அமைந்த அழகு அது. இவ்வளவு இதமான சொல் ஒரு கொடிய நோயின் மேல் வந்து உட்கார்ந்தது மாரியம்மன் வழியாக. நோயைப் பெயர் சொல்லித் திட்டினால் முற்றும் என்ற பயம் ஒரு பக்கம், வந்தவள் தாய்தானே, தணிந்து போவாள் என்ற நம்பிக்கை ஒரு பக்கம்.

இந்த மரியாதை வினைச்சொல்லில் நன்றாகத் தெரியும். காய்ச்சல் அடிக்கும், சளி பிடிக்கும். அம்மை பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை. போட்டிருக்கிறது, பார்த்திருக்கிறது, வார்த்திருக்கிறது என்பார்கள். கொப்புளத்தைப் புண் என்று சொல்லாமல் முத்து என்பார்கள். குணமானால் 'இறங்கிவிட்டது'. மாரி என்றால் மழை; வார்த்தல் என்றால் ஊற்றுதல். உடம்பு முழுக்க ஒரே நாளில் முத்துமுத்தாகக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வினை எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

சரி, 'சின்ன' எங்கிருந்து வந்தது? பெரியம்மையிலிருந்து. பெரியம்மைக்கு இன்னொரு பெயர் வைசூரி. மலையாளத்தில் வசூரி, வடமொழி மருத்துவ நூல்களில் மசூரிகா. மசூரம் என்பது நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிற அந்தச் செம்பருப்பு. கொப்புளம் பருப்பளவு இருந்ததால் வந்த பெயர். (மைசூருக்கும் அந்தப் பருப்புக்கும் தொடர்பு கிடையாது, மசூர் என்பது நம் வாயில் மைசூர் ஆனது.) வைசூரி வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்தார்கள். தப்பியவர்களில் பலருக்கு முகத்தில் குழிக்குழியாகத் தழும்பு, சிலருக்குப் பார்வை போயிற்று. அதனோடு ஒப்பிட்டுத்தான் மற்றது சின்னது ஆனது.

இந்தியாவில் வைசூரி கடைசியாகக் காணப்பட்டது 1975இல். உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980 மே மாதம் அறிவித்தது. பெரியது போய்விட்டது, சின்னது மட்டும் பெயரோடு நிற்கிறது. அளவுகோல் மறைந்த பிறகு, 'சின்ன' என்பதை 'ஒன்றும் செய்யாதது' என்று படிக்கத் தொடங்கிவிட்டோம். எனக்கு இந்தச் சொல்லின் மேல் இருக்கும் ஒரே வருத்தம் இதுதான்.

இரண்டுக்கும் உறவே கிடையாது என்பது இன்னொரு செய்தி. 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் சின்னம்மையைப் பெரியம்மையின் இளைத்த வடிவம் என்றே நினைத்தார்கள். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1767இல் இவை வேறுவேறு நோய்கள் என்று விளக்கினார். பெரியம்மையில் முத்துகள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும், முகத்திலும் கைகால்களிலும் அதிகம். சின்னம்மை மார்பு, முதுகு, வயிற்றில்தான் நெருக்கமாக வரும். சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதை உண்டாக்குவது வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். அது ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் இதைச் சிக்கன்பாக்ஸ் என்பதற்கு ஏன் கோழி வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல் திரிந்தது என்பார் உண்டு. கோழி போலச் சாதுவான நோய் என்று பொருள் சொல்வாரும் உண்டு. எப்படியானாலும் கோழியிலிருந்து இந்த நோய் வருவதில்லை. இதைக் 'கோழியம்மை' என்று மொழிபெயர்ப்பது தவறு. கோழியம்மை என்பது கோழிகளுக்கு வருகிற வேறொரு நோய். கொண்டையிலும் முகத்திலும் மருப் போலக் கிளம்பும், மனிதருக்குத் தொற்றாது. கோழி வளர்ப்பவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் வேறு ஊசியைத் தேடுவார்.

நல்ல தமிழ்ச் சொல் எது என்று கேட்டால், நான் அப்பத்தா வாயில் கேட்ட சொல்லைத்தான் சொல்வேன். ஆத்தா வந்திருக்கா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், பக்கத்து வீட்டு ஆச்சி முகப்பில் நின்று "என்ன அம்மை?" என்று கேட்டபோது தெளிவாகப் பதில் சொன்னார்: "நீர்க்கொளுவான்." எழுத்தில் நீர்க்கொள்வான். நீரைக் கொண்டிருப்பது. அந்தக் கொப்புளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: மெல்லிய தோல், உள்ளே கலங்காத நீர், அடியில் சிவந்த வட்டம். ஒன்றிரண்டு நாளில் நீர் கலங்கி, நடுவில் குழிந்து, பொருக்குத் தட்டும். இவ்வளவையும் அந்தப் பெயர் கவனித்திருக்கிறது. அச்சமோ அலட்சியமோ அதில் இல்லை. அரசு ஏடுகளிலும் பாடநூல்களிலும் சின்னம்மை நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நீர்க்கொள்வானை மறந்துவிடக் கூடாது.

இலங்கைத் தமிழர் இதைக் கொப்புளிப்பான் என்கிறார்கள். அதுவும் பார்த்து வைத்த பெயர்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே சின்னமுத்து என்றால் நம் தட்டம்மை. தட்டம்மையை நம் கிராமங்களில் மணல்வாரி என்பார்கள். மணலை வாரி இறைத்தது போலப் பொடிப்பொடியாக இருக்கும், நீர் இருக்காது. பொன்னுக்கு வீங்கியைக்கூடப் புட்டாளம்மை என்று அம்மைக் கணக்கில் சேர்ப்பது உண்டு. ஆகவே மருத்துவரிடமோ பள்ளியிலோ 'அம்மை' என்று மட்டும் சொன்னால் போதாது. நீர்க்கொப்புளமா, பொடியா, எந்த இடத்தில் முதலில் வந்தது என்று சொல்ல வேண்டும்.

நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரம். முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவும், எல்லாம் பொருக்குத் தட்டும் வரை பரவும். மாசி, பங்குனியில் இங்கே அதிகம் காணப்படும். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதும் அந்த நாட்களில்தான். அந்த அம்மனுக்குத் தக்காளிப் பழம் படைப்பார்கள். சின்ன வயதில் சன்னிதியில் தக்காளி மாலையைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் செய்த பலவற்றை இப்போது யோசித்தால் நல்ல பழக்கம் என்றே படுகிறது. நிலைக்கதவில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். அடுப்படியில் தாளிப்பு இல்லை, காரம் இல்லை. வாய்க்குள்ளும் கொப்புளம் இருக்கும்போது மோரும் இளநீரும் கஞ்சியும்தான் இறங்கும். அரிப்பு தாங்காமல் நான் கையைத் தூக்கும்போதெல்லாம் அப்பத்தா கொழுந்து வேப்பங்கொத்தால் மேலே தடவிக்கொண்டே இருப்பார். நகம் படவில்லை, அதனால் இன்று என் நெற்றியில் ஒரே ஒரு வடுதான்.

ஆனால் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை உடம்பில் நீரே படக்கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். இளவெந்நீரில் மென்மையாகக் குளிக்கலாம். அழுக்கும் வியர்வையும் தங்கினால் சொறிந்த இடம் சீழ் பிடிக்கும். உடைந்த கொப்புளத்தில் அரைத்த விழுதை அப்ப வேண்டாம். காலமைன் தடவினால் அரிப்பு அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்கு வயதுக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்கு வழிவிடும். இபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது.

ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போவது குற்றம் என்ற எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரியவர்கள், கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது சின்ன நோய் இல்லை. பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரக்கூடும். அசைக்ளோவிர் என்ற மருந்து முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, கழுத்து விறைத்தாலோ, எழுப்பினாலும் மயங்கி மயங்கிப் போனாலோ, அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சின்னம்மையின் இன்னொரு சொந்தத்தைச் சொல்லாவிட்டால் விளக்கம் பாதிதான். அக்கி. அக்னி என்ற வடசொல் தமிழில் அக்கி ஆகும், நெருப்பு. இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாகப் பட்டை போலக் கொப்புளம் கிளம்பி, நெருப்பாய் எரியும். சின்னம்மை இறங்கிய பிறகும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, வயதானபோதோ உடம்பு தளர்ந்தபோதோ அக்கியாக எழும்புகிறது. நம் மொழி ஒன்றைத் தண்ணீர் என்றது, மற்றொன்றை நெருப்பு என்றது. இரண்டும் ஒரே கிருமி. எந்த அகராதியிலும் இந்த இரண்டு சொல்லையும் யாரும் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

என் அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, 68 வயதில் விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர் வந்து காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் அக்கி எழுதினார். குளிர்ச்சியாக இருக்கிறது என்று அப்பச்சி சொன்னார், நாங்களும் விட்டுவிட்டோம். ஏழாம் நாள்தான் மருத்துவரிடம் போனோம். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும் என்றார். தோல் ஆறிய பிறகும் எட்டு மாதம் சட்டை உரசினாலே அவருக்கு வலித்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிய அன்றே மருத்துவரிடமும் போயிருக்கலாம் என்பதுதான் ஆறவில்லை. அந்த நாட்களில் பேரக் குழந்தையை அவர் மடியில் விட்டதும் தவறு. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், முன்பு வராத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம்.

தடுப்பூசிக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு: அம்மை குத்துதல். அந்த மருந்தின் பெயர் அம்மைப்பால். 1970களுக்கு முன் பிறந்தவர்கள் பலரின் கையில் வட்டமாக இருக்கும் பெரிய தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது, சின்னம்மையைத் தடுக்காது. சின்னம்மைக்கான தடுப்பூசியை ஜப்பானில் மிச்சியாக்கி தகாஹாஷி 1974இல் உருவாக்கினார். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால் பலர் கேள்விப்பட்டதே இல்லை. குழந்தை மருத்துவர்கள் 15 மாத அளவில் ஒன்றும், பிறகு ஒன்றுமாக இரண்டு தவணை போடுகிறார்கள். சின்ன வயதில் வராத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம், கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் கூடாது. வீட்டில் ஒருவருக்கு முத்து கண்டால், மற்றவர்கள் 3 நாளுக்குள், தவறினால் 5 நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு. 50 வயது கடந்தவர்களுக்கு அக்கிக்கும் தனியே ஊசி வந்திருக்கிறது.

என் பேத்திக்கு இரண்டு தவணையும் போட்டாயிற்று. ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே "இது எதுக்கு அய்யா?" என்று கேட்டாள். "நீர்க்கொளுவானுக்கு" என்றேன். அந்தச் சொல் பிடித்துப்போய், வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.