பனிக்குட நீர்

ஸ்கேன் அறிக்கையில் 'அம்னியாட்டிக் திரவம்' என்று இருப்பதைத்தான் நம் வீடுகளில் பனிக்குட நீர் என்கிறார்கள். கருவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுப்பை பனிக்குடம். பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் "பனிக்குடம் உடைந்துவிட்டதா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். இத்தனை தெளிவான சொல் புழக்கத்தில் இருக்க, மருத்துவக் கையேடுகள் அதைத் தயங்காமல் எழுதவேண்டும். 'பனி'க்குக் குளிர்ச்சியோடு நீர், கண்ணீர் என்ற பொருள்களும் பழந்தமிழில் உண்டு.

'அம்னியான்' கிரேக்கச் சொல். பலி விலங்கின் குருதியை ஏந்தும் கிண்ணத்துக்கும் அதுவே பெயர். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'அம்னோஸ்' அதன் வேர் என்பாரும் உண்டு.

கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். நுரையீரலில் சுரக்கும் திரவமும் மூச்சுக்குழல் வழியே வந்து இதில் கலக்கிறது. நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்பதற்கான தடயம் அந்தக் கலப்பில்தான் இருக்கிறது. காற்று நுண்ணறைகளின் உட்புறத்தில் கொழுப்பு மிகுந்த ஒரு படலம் பரவியிருக்க வேண்டும். அது போதாவிட்டால் மூச்சை வெளிவிடும்போதெல்லாம் அறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். அந்தப் பொருளின் பெயர் 'சர்ஃபாக்டன்ட்'. பரப்பில் வினைபுரியும் பொருள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. தமிழில் 'பரப்பு இழுவிசைக் குறைப்பி' என்பதையே நான் ஏற்பேன். நீளமானாலும் வேலையைச் சொல்லிவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் 1959இல் காட்டினார்கள். ஆனால் அப்போது மருந்து இல்லை. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாளில் இறந்தான்.

1971இல் லூயிஸ் குளக் குழுவினர் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, லெசித்தின், ஸ்பிங்கோமயலின் என்ற இரு கொழுப்புகளின் விகிதத்தை அளந்தார்கள். முட்டை மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லான 'லெகிதோஸ்' தந்த பெயர் லெசித்தின். சர்ஃபாக்டன்ட்டின் முக்கியக் கூறு அதுதான். சுமார் 35ஆம் வாரத்தில் லெசித்தின் விரைந்து ஏறும், ஸ்பிங்கோமயலின் ஏறாது. விகிதம் 2ஐத் தொட்டால் நுரையீரல் பெரும்பாலும் முதிர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்; தாய்க்கு நீரிழிவு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது.

இன்று இந்தச் சோதனை அரிது. முதல் மூன்று மாத ஸ்கேன் கருவின் வயதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹோவியும் 1972இல் நிறுவியபடி, முந்திப் பிறக்கக்கூடிய குழந்தையின் நுரையீரலை விரைந்து முதிரச்செய்யத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். ஊசி வேலைசெய்யச் சில மணிநேரம் தேவை. ஆகவே மாதம் நிறையுமுன் பனிக்குடம் உடைந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.