மின்சார செயின் சா: சத்தம்தான் குறைவு, உதை குறைவில்லை

மரம் அறுக்கும் மெஷின் ஒன்று பழுதுக்கு வந்தால், பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அது எப்படிப் புழங்கியது என்று ஓரளவு தெரிந்துவிடும். முன்பக்கக் காப்புத்தட்டு உடைந்து கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கும். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் நீலம் பூத்துப்போயிருக்கும். எண்ணெய் ஊற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒயரில் இரண்டு மூன்று இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். ஓடும் செயின் தன் ஒயரையே கடித்த இடங்கள் அவை.

பட்டுக்கோட்டைப் பக்கம் பவர் டூல்ஸ் சர்வீஸ் செய்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறும் வரை, எங்கள் பகுதியில் செயின் சா என்றால் மரவியாபாரிகளின் ஆட்கள் கையில் இருக்கும் பெட்ரோல் மெஷின்தான். தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தபோது எல்லாருக்கும் அது தேவைப்பட்டது. அப்புறம் விலை குறைந்த மின்சார மெஷின்கள் வந்தன, பேட்டரி மெஷின்கள் வந்தன. இப்போது முருங்கைக் கிளை கழிக்க, வேலிக்குச் சவுக்கு வெட்ட என்று பல வீடுகளில் ஒன்று கிடக்கிறது.

பெட்ரோல் மெஷினைக் கயிறு இழுத்துக் கிளப்பவே ஒரு பழக்கம் வேண்டும். அது போடும் சத்தமே பக்கத்தில் நிற்பவர்களை விரட்டிவிடும். மின்சார மெஷினில் அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. அதனால் அதை மிக்ஸி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். பிளக்கில் செருகி ஓட்டும் சாதாரண மெஷினில் செயின் நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 12 மீட்டர் என்றே வையுங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிட்டத்தட்ட 30 பல் ஒரே இடத்தைக் கடந்துவிடும். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று மூளைக்கு உறைப்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

விபத்துகளில் மோசமானது மெஷின் உதைப்பது. பாரின் மேல் விளிம்பில் செயின் உங்களிடமிருந்து விலகி நுனியை நோக்கி ஓடுகிறது, நுனியைச் சுற்றி இறங்கி, கீழ் விளிம்பு வழியாக உங்களை நோக்கித் திரும்பி வருகிறது. நுனியின் மேல் கால்வட்டம்தான் ஆபத்தான இடம். அங்கே ஓடும் பல் கட்டையிலோ, பின்னால் மறைந்திருக்கும் வேறொரு கிளையிலோ பட்டுச் சிக்கினால், செயினின் வேகம் முழுவதும் பாரைத் திருப்பி மேலும் பின்னும் வீசுகிறது. அது வரும் திசையில் இருப்பது உங்கள் கழுத்தும் முகமும். நன்றாகப் பழகியவர்களுக்கும் இது நடக்கும், ஏனென்றால் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அறுக்கும் இடத்தை. நுனி தொடுவதோ கட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பதை.

இதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் அந்தக் காப்புத்தட்டு. கையில் செயின் படாமல் இருக்க வைத்த மறைப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பிரேக்கின் நெம்பு. மெஷின் உதைக்கும்போது உங்கள் இடது மணிக்கட்டு தட்டை முன்னால் தள்ளும். உடனே மோட்டாருக்குக் கரண்ட் அறுந்து செயினும் பிடித்து நிறுத்தப்படும். இது வேலை செய்ய இடது கை முன் கைப்பிடியில் இருந்தே ஆக வேண்டும், கட்டைவிரல் கீழே சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். வலது கை பின் கைப்பிடியில். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களும் இப்படித்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் மெஷின் அமைப்பே அப்படி. ஒரு கையில் மெஷின், மறு கையில் கிளை என்று அறுப்பவரிடம் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

தட்டு உடைந்துவிட்டால் பல மாடல்களில் மோட்டார் ஓடாது. உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் அப்படி வைத்திருக்கிறது. அப்போது கடைக்கு வந்து கேட்பார்கள்: “அண்ணே, அந்த சுவிட்ச்ச டைரக்ட் பண்ணிக் குடுங்க, வேலை கெடக்கு.” இரண்டு ஒயரை முறுக்கி இணைத்தால் முடிந்தது, கால் மணி நேர வேலை. நான் செய்வதில்லை. தட்டு வரும் வரை மெஷின் இங்கேயே கிடக்கட்டும் என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள், அங்கே டைரக்ட் செய்து கொடுத்தும் விடுவார்கள். செகண்ட் ஹேண்டில் மெஷின் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்: மெஷினைத் தரையில் ஊன்றி, செயின் எதிலும் படாமல் ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் தட்டை முன்னால் தள்ளுங்கள். செயின் அங்கேயே நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றி ஓய்ந்தால் பிரேக் போய்விட்டது. சொந்த மெஷினாக இருந்தாலும் வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்து பார்க்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது.

பிரேக்கே இல்லாமல் விற்கப்படுவதும் உண்டு. அதில் எனக்கு மிகவும் வெறுப்பானது ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பார் செட். நாலு இஞ்ச் கிரைண்டரின் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பாரும் செயினும் பூட்டிக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிரைண்டரின் வேகம் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை போகும், அது செயினுக்கு வைத்த வேகம் அல்ல. பின் கைப்பிடி கிடையாது, பிரேக் கிடையாது. சுவிட்ச்சும் ஒரு முறை தள்ளிவிட்டால் ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. கை நழுவினாலும் மெஷின் ஓடிக்கொண்டே கீழே விழும். இதற்கு உதிரி பாகம் கேட்டு வருகிறவர்களிடம் பாரைக் கழற்றிப் போட்டுவிட்டு கிரைண்டரைக் கிரைண்டராகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கைக்கு அடக்கமான நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் பேட்டரி மெஷின்கள் வேறு கதை. சுண்டுவிரல் பருமன் முதல் மணிக்கட்டுப் பருமன் வரை உள்ள கிளைக்கு அவை உண்மையிலேயே வசதி. பெட்டியில் 48, 88 என்று வோல்ட் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஐந்து செல்தான் தொடராக இருக்கும். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 என்றால் மொத்தம் 21 வோல்ட். ஏமாற்று இருக்கட்டும், ஆபத்து என்னவென்றால் இது ஒற்றைக் கையால் பிடிக்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. மறு கை சும்மா இருக்காது, கிளையைப் பிடிக்கப் போகும். பார் முடியும் இடத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு முழமாவது இருக்க வேண்டும். முடியாவிட்டால் கிளையைப் பிடிக்கவே வேண்டாம், அது விழட்டும். இன்னொன்று, செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். செயினில் சிக்கிய நாரை விரலால் இழுக்கும்போதுதான் உள்ளங்கை பொத்தானில் படுகிறது.

சரி, ஒயர் மெஷினுக்கு வருவோம். 2000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அது 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் போட வேண்டிய சாமான். வீட்டில் டேபிள் ஃபேனுக்கு வைத்திருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷனை இழுத்துக்கொண்டு தோப்புக்குப் போனால் என்ன ஆகும்? முப்பது மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், நூறு வாட்டுக்கு மேல் ஒயரைச் சூடாக்குவதில் கரையும். ஊரில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. மோட்டார் திணறும், ஆள் இன்னும் அழுத்துவார், மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் கருகும். அந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயராவது வேண்டும், அதற்கும் மேலே போனால் 2.5. உருளையில் சுற்றிய ஒயர் என்றால் முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி உள்சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான மெஷின்களில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு என்று பொருள், அதனால் எர்த் பின் இருக்காது. மெஷினின் உடம்புக்கு அந்தக் காப்பு உண்டு, ஒயருக்குக் கிடையாது. ஈரத் தரையில் செயின் ஒயரைக் கடித்து, நீங்கள் அதைக் குனிந்து எடுத்தால் காப்பாற்ற வேண்டியது, கரண்ட் கசிந்தால் லைனை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஊரில் எல்லாரும் இ.எல்.சி.பி என்று சொல்வது. மோட்டார் கொட்டகையிலிருந்து லைன் எடுக்கிறவர்கள் அங்கே அது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த கொட்டகைகளில் முக்கால்வாசிக்கு இல்லை. இருந்தால் மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். ஒயர் எப்போதும் முதுகுக்குப் பின்னால், வலது தோள் பக்கமாக வரட்டும். மழைத் தூறல் விழுந்தால் வேலையை நிறுத்துங்கள்.

மொட்டைச் செயின்தான் ஆளை அழுத்த வைக்கிறது, அழுத்தினால்தான் நழுவுகிறது. மரத்தூள் செதில் செதிலாக விழுந்தால் பல் கூர்மை, மாவாக விழுந்தால் மொட்டை. வீட்டு மெஷின்களில் அதிகம் வரும் சின்ன 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டை மட்டும் இஷ்டத்துக்கு அராவாதீர்கள். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த மேடுதான். சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வு இருக்க வேண்டிய இடத்தில் அதை வழித்து எடுத்துவிட்டால் பல் அளவுக்கு மேல் கடித்து மெஷின் உதைக்கும். செயின் டென்ஷனும் முக்கியம். பாரின் அடியில் செயின் தொங்கக் கூடாது, கையுறை போட்டுக் கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். சூட்டில் நீளும் செயினை வேலைக்கு நடுவே இறுக்கியிருந்தால், முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கி பாரையும் ஷாஃப்டையும் இழுக்கும். எண்ணெய்த் தொட்டியில் பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். அதில் உலோகத் துகள் இருக்கும், அது உங்கள் மேலேயும் தெறிக்கும், தோலுக்கும் நல்லதல்ல.

மரத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன், ஏனென்றால் மரம் சாய்ப்பது என் தொழில் அல்ல. புயலில் வளைந்து சிக்கிக் கிடக்கும் கிளை இழுத்துக் கட்டிய வில். மேல் பக்கம் விறைத்து இழுபட்டும் அடிப்பக்கம் நசுங்கியும் இருந்தால், முதலில் நசுங்கும் பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகுதான் இழுபடும் பக்கத்தை மெதுவாக விட வேண்டும். தலைகீழாகச் செய்தால் கிளை பிளந்து முகத்தில் அடிக்கும். ஏணி மேல் நின்றும், தோளுக்கு மேலே தூக்கியும் அறுக்கவே கூடாது. மின்கம்பியை ஒட்டிய மரம் என்றால் மெஷினை உறையில் போட்டுவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணுக்கு, போன் செய்யுங்கள். கரண்ட் போயிருக்கிறது என்பதால் கம்பி செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கம்பியில் உயிர் வந்துவிடும்.

உடை பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. கைலி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். கண்ணாடி, ஷூ, காதடைப்பு. சத்தம் குறைவு என்றாலும் காதுக்கு அது குறைவல்ல. செயின் சா ஓட்டுபவர்களுக்கென விற்கும் நார் வைத்த கால்சட்டை பற்றி ஒரு விஷயம் மட்டும்: அந்த நார் செயினில் சுற்றி, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை அடைத்து மெஷினை நிறுத்துவதற்காக வைத்தது. மின்மோட்டார் வேகம் குறைந்தாலும் விசையை விடாமல் இழுக்கும் குணமுள்ளது, அதனால் பெட்ரோல் மெஷினில் தருகிற அளவு பாதுகாப்பை இதில் எதிர்பார்க்க முடியாது. போட்டால் நல்லதுதான், அதை நம்பிக் காலை முன்னால் நீட்டாதீர்கள்.

வெட்டுப் பட்டுவிட்டால் முதலில் யாராவது பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பேட்டரியைக் கழற்ற வேண்டும். பதற்றத்தில் ஓடும் மெஷின் மேலேயே கால் வைத்தவர்கள் உண்டு. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள், இரத்தம் நின்றதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் போடக் கூடாது. 108க்கு அழையுங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும், தைக்க முடியாமல் போகலாம். விரல் கண்ணில் படாவிட்டால் மரத்தூள் குவியலை ஒருவர் நின்று தேடட்டும், காயம்பட்டவர் அதற்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடட்டும்.