ரியோஃபைல்: ஓட்டத்தை விரும்பும் மீனா, ஓட்டத்தில் வாழும் மீனா?

சிக்லிட் என்ற குடும்பத்து மீன்களை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘ரியோஃபைல்’. கிரேக்க மொழியில் ‘ரெயோஸ்’ என்றால் ஓடும் நீர், ‘ஃபிலோஸ்’ என்றால் அன்பு கொண்டது. இரண்டையும் சேர்த்து ‘நீரோட்ட விரும்பி’ என்று தமிழில் எழுதிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்தப் பெயரை நம்பித் தொட்டி அமைத்தால் மீன் தவித்துப்போகும்.

ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரைக் கடந்ததும் காங்கோ ஆறு பாறைகளில் மோதி, வேகமாகக் கடலை நோக்கி இறங்குகிறது. ‘ஸ்டீட்டோகிரேனஸ் கசுவேரியஸ்’ என்ற சிக்லிட்டின் ஊர் அதுதான். மீனியலாளர் மாக்ஸ் போல் 1939இல் வைத்த பெயர் இது. முதல் சொல்லுக்குக் ‘கொழுப்பு மண்டை’ என்று பொருள். வளர்ந்த ஆணின் நெற்றி அப்படிப் புடைத்திருக்கும். இரண்டாவது சொல், தலையில் கவசம் போன்ற கொண்டையுள்ள கசுவாரிப் பறவையை நினைவூட்டுவது. இந்த மீனுக்குக் காற்றுப்பை சிறுத்துவிட்டதால் நடுநீரில் மிதந்து நிற்க முடியாது. தரையில் தத்தித் தத்தித்தான் நகரும்.

பம்பு ஓடும்போது அதைக் கூர்ந்து பாருங்கள். நீரின் வேகத்தில் மணல் புரளும். மீனோ கல்லின் பின்புறம், ஓட்டம் தணிந்த கையளவு இடத்தில், துடுப்புகளை ஊன்றி உட்கார்ந்திருக்கும். இரை மிதந்து வந்தால் ஒரே எட்டில் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிவிடும். பாயும் ஆற்றில் அந்த ஒதுக்கிடம்தான் வீடு, முட்டையிடும் குகை, எல்லாம். அதை இழந்தால் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் தன் இனத்தானே பக்கத்தில் வந்தாலும் சீறிப் பாய்கிறது. கடையில் ‘ஆக்ரோஷமான மீன்’ என்று சொல்லி விற்கிறார்கள். ‘இடங்காக்கும் மீன்’ என்பதே நியாயமான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய பம்பு ஒன்றை மாட்டிவிட்டுக் கல்லே வைக்காத தொட்டி இந்த மீனுக்குத் தண்டனை. நான்கு அடித் தொட்டியில் ஒரு ஜோடி போதும். கனமான உருண்டைக் கற்களை முதலில் அடிக் கண்ணாடி மீது அசையாமல் அமர்த்திவிட்டு, பிறகு மணலைப் பரப்ப வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால், மீன் வாயாலேயே அடியைத் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். பம்பும் கட்டாயம் வேண்டும், உயிர்வளிக்காக (ஆக்சிஜன்). 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 டிகிரியில் 7.5தான். நுரைத்து ஓடும் ஆற்றில் பிறந்த மீன் இந்தக் குறைவை முதலில் உணரும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘புனல்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆற்றில் புதிதாகப் பெருகி வருவது புதுப்புனல். பாயும் நீரின் விசையில் மின்சாரம் எடுக்கும் இடம் புனல் மின்நிலையம். ஓட்டமும் விசையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. ‘புனல்வாழ் மீன்’ என்றால், எங்கே வாழ்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். அதன் விருப்பத்தை நாமாக ஊகித்துச் சொல்லவில்லை.

‘சிக்லிட்’ என்பதை மட்டும் நான் மாற்ற மாட்டேன். கிரேக்கத்தில் ‘கிக்லே’ ஒரு பாடும் பறவையின் பெயர். ஒரு கடல் மீனையும் அப்படி அழைத்தார்கள். 1801இல் பிளாக், ஷ்னைடர் இருவரின் பெயரில் வெளிவந்த மீன் நூல் ‘சிக்லா’ என்ற பேரினத்துக்கு அதைச் சூட்டியது. குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. இதற்குத் தமிழில் ‘கெண்டை’ என்று ஒட்டவைப்பது பிழை. நம் சந்தையின் ஜிலேபிக் கெண்டை அப்படி வந்த பெயர்தான். ‘திலாப்பியா’ நம் வாயில் ஜிலேபி ஆனது; ஆப்பிரிக்காவின் ட்ஸ்வானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல் அதன் வேர். 1952இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீன் கெண்டையே அல்ல, அசல் சிக்லிட். அசையாத குளத்திலும் செழிக்கும். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு வகை இருப்பதால்தான் காங்கோ மீனைக் குறிக்க ‘சிக்லிட்’ மட்டும் போதவில்லை. முன்னால் ‘புனல்வாழ்’ என்று சேர்க்க வேண்டியிருக்கிறது.