கீமோகைன்: சொல்லும் பொருளும் தமிழும்

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் உடலுக்குள் எந்தப் பக்கம் நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை உணர்த்தும் சிறு புரதங்களுக்குக் கீமோகைன் என்பது பொதுப்பெயர். டெங்கி, புற்றுநோய், ஆஸ்துமா பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் இச்சொல் அடிக்கடி வருகிறது. சிங்கப்பூரில் மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்க இசைவு கேட்கும் படிவத்தைப் பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ தமிழில் விளக்கிச் சொல்ல நேரும் பிள்ளைகள் தடுமாறக்கூடிய சொற்களுள் இதுவும் ஒன்று. தடுமாற்றத்திற்குக் காரணம் அதன் முற்பாதிதான். ‘கீமோ’ என்றாலே நம் வீடுகளில் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து என்றுதான் பொருள். கீமோகைனோ மருந்தன்று, நலமாக இருக்கும் ஒவ்வொருவர் உடலிலும் எந்நேரமும் சுரந்துகொண்டிருப்பது.

அது செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். பூங்கா இணைப்புப்பாதையில் மிதிவண்டி சறுக்கி ஒருவருக்கு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது என்று கொள்வோம். புகுந்த கிருமிகளை எதிர்கொள்ளும் விழுங்கணுக்களும் அங்குள்ள நுண்குருதிக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களும் இன்டர்லூக்கின் 8 என்னும் கீமோகைனை வெளிவிடுகின்றன. அது குருதியோடு அடித்துச் செல்லப்பட்டால் பயனில்லை. ஆகவே குழாயின் உட்சுவரில் மயிரிழைகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளில் அது ஒட்டிக்கொள்கிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு அச்சுவரை உரசி உருண்டு வரும்போது, அதன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் இந்தப் புரதத்தைத் தொட்டுணர்கின்றன. உடனே அது சுவரை இறுகப் பற்றி, தட்டையாகி, இரண்டு உயிரணுக்களுக்கு இடையே உள்ள இடுக்கில் நுழைந்து வெளியேறுகிறது. திசுவுக்குள் வந்தபின் புரதத்தின் செறிவு எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கமாகவே ஊர்ந்து காயத்தை அடைகிறது. தன் முன்பக்கத்திற்கும் பின்பக்கத்திற்கும் இடையே ஓரிரு விழுக்காடு வேறுபாடு இருந்தாலே இந்த வெள்ளணு திசையைக் கண்டுகொள்ளும் என்பது வியப்புக்குரியது.

சொல்லின் வரலாறு ஒரு செடியிலிருந்து தொடங்குகிறது. 1884இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர், பெரணிச் செடியின் விந்தணுக்கள் மாலிக் அமிலம் இருக்கும் பக்கம் நீந்திச் செல்வதைக் கண்டு எழுதினார். வேதிப்பொருளின் செறிவை ஒட்டி உயிரணு திசை பிடித்து நகரும் இந்த நிகழ்வுதான் கீமோடாக்சிஸ் எனப் பெயர் பெற்றது. ‘டாக்சிஸ்’ என்பது ஒழுங்கு, அணிவகுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். 1888இல் தியோடோர் லேபர் வெள்ளணுக்களும் அவ்வாறே நகர்வதைக் காட்டினார். எந்தப் புரதத்தைத் தேடி அவை நகர்கின்றன என்பது தெளிவாக ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இன்டர்லூக்கின் 8 பிரித்தறியப்பட்டது 1987இல்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் அதையொத்த புரதங்கள் வரிசையாகக் கண்டறியப்பட்டபோது, ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ‘இன்டர்கிரைன்’ என்ற பெயரும் சில காலம் வழங்கியது. 1992இல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் கூடிய அறிஞர்கள், ‘கீமோடாக்டிக் சைட்டோகைன்’ (சைட்டோகைன் என்பது உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளிவிடும் புரதம்) என்ற தொடரின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டிக் கீமோகைன் என்று முடிவு செய்தார்கள். நடுவில் இருந்த ‘டாக்டிக்’ அப்போது காணாமற்போனது. தமிழாக்கத்தில் வரும் சிக்கல் முழுவதும் இந்த வெட்டில் அடங்கியிருக்கிறது.

பகுதிகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் தமிழுக்கு ஒரு குறையுமில்லை. ‘கீமோ’ என்பதன் வேர் அரபு வழியாக வந்த இரசவாதச் சொல். நம் ‘வேதியியலும்’ தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக மாற்றுவதைக் குறித்த ‘வேதித்தல்’ என்னும் சித்தர் வழக்கை அடியாகக் கொண்டது. சைட்டோகைனில் உள்ள ‘கைட்டோஸ்’ கிரேக்க மொழியில் உள்ளீடற்ற பாத்திரத்தைக் குறிக்கும். இலங்கைத் தமிழர்கள் பாடநூலில் உயிரணுவைக் ‘கலம்’ என்றே வழங்குகிறார்கள். இரு மொழிகளும் ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன. ‘கைன்’ என்பதோ இயக்கத்தைச் சுட்டும் வேர். அசையும் படத்திற்குச் ‘சினிமா’ என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். கோவிட் காலத்தில் செய்திகளில் அடிபட்ட ‘சைட்டோகைன் புயல்’ என்ற தொடரிலும் இந்த வேர் உண்டு.

ஆகவே வேதி, இயக்கி இரண்டையும் கூட்டி ‘வேதியியக்கி’ என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு சொல்வது பிழை என்பதே என் கருத்து. வேதிப்பொருள் பட்டதும் உயிரணு வேகம் கூடித் திசையின்றி அங்குமிங்கும் அலையும் நிலைக்குக் ‘கீமோகினீசிஸ்’ என்று வேறொரு பெயர் ஏற்கனவே இருக்கிறது. வேதியியக்கி என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். கீமோகைனின் சிறப்பு வெறும் இயக்கத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. ஆங்கிலம் வெட்டி எறிந்த அந்த நடுப்பகுதியைத் தமிழ்ச்சொல் மீட்டுத் தர வேண்டும்.

‘வேதியீர்ப்பி’ என்பது இதைவிட நல்ல சொல்தான். ஆயினும் அதன் பரப்பு பெரிது. பாக்டீரியாவிலிருந்து வெளிப்படும் சிறு புரதத்துணுக்குகளும், லியூக்கோட்ரையீன் என்னும் கொழுப்புப்பொருளும்கூட வெள்ளணுக்களை ஈர்க்கின்றன. அவை கீமோகைன்கள் அல்ல. மேலும் கீமோகைன்கள் எல்லாம் ஈர்த்து அழைப்பவையும் அல்ல. எலும்பு மச்சையில் சிஎக்ஸ்சிஎல் 12 என்ற கீமோகைன் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை) அங்கேயே தங்கவைக்கிறது. ஒருவருக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்வதற்காக அவற்றைத் திரட்டும்போது பிளெரிக்சஃபோர் என்ற மருந்தைச் செலுத்தி அதன் ஏற்பியை அடைத்துவிடுகிறார்கள்; பிடி தளர்ந்ததும் குருத்தணுக்கள் குருதிக்குள் வந்துவிடுகின்றன. ஈர்ப்பி, அழைப்பி என்ற பெயர்களுக்குள் இந்த வேலை அடங்காது.

பரிசில் பெற்ற பாணன் எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை இலக்கியத்தை நினைத்து, ‘ஆற்றுப்படுத்தும் புரதம்’ என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுப்படுத்துதல் இன்று மனநல ஆலோசனையைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குவதால், படிப்பவர் வேறெங்கோ போய்விடுவார்.

நான் முன்வைக்க விரும்பும் சொல் ‘செல்வழிப் புரதம்’. செல்லுதற்குரிய வழி என்று வினைத்தொகையாகவும் கொள்ளலாம், செல்லுக்குரிய (உயிரணுவுக்குரிய) வழி என்று பெயராகவும் கொள்ளலாம், இரண்டும் பொருந்தும். வழிகாட்டுவதைப் போலவே வழிமறிப்பதும் ‘வழி’யைச் சேர்ந்ததுதான் என்பதால், மச்சையில் நிறுத்திவைக்கும் வேலைக்கும் அது இடம் தருகிறது. நம் நாளேடுகள் பெரும்பாலும் உயிரணு என்றே எழுதுகின்றன என்பது உண்மை. ‘உயிரணு வழிப்புரதம்’ என்று நீட்டினால் ஓசை குலைந்துவிடும். முதன்முறை எழுதுகையில் கீமோகைன் என்ற ஒலிபெயர்ப்பையும் அருகில் வைத்துவிட்டால் குழப்பம் வராது. ‘கெமோகைன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆங்கில ஒலிப்புக்கு நெருக்கமானது கீமோகைன்தான்.

மனித உடலில் கீமோகைன்கள் 45க்குக் குறையாமல் உள்ளன. பெரும்பாலானவை 70 முதல் 100 வரையிலான அமினோ அமிலங்களால் ஆனவை. தொடக்கப் பகுதியில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் அமைந்திருக்கும் முறையை வைத்து நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். சிசி என்றால் இரு சிஸ்டீன்கள் ஒட்டி நிற்கின்றன; சிஎக்ஸ்சி என்றால் இடையில் வேறொன்று இருக்கிறது. இன்டர்லூக்கின் 8க்கு இம்முறையில் சிஎக்ஸ்சிஎல் 8 என்று பெயர். டெங்கி கண்டவர்களின் குருதியில் மிகுந்து காணப்படுவது சிஎக்ஸ்சிஎல் 10. இந்தக் குறியீடுகளைத் தமிழாக்க முயல்வது வீண்வேலை. உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்குப் பொதுவான முகவரி அது. பயோபோலிஸ் வளாகத்தில் ‘இம்யூனோஸ்’ என்ற கட்டடத்தில் இருக்கும் சிங்கப்பூர் நோயெதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

‘எல்’ என்பதற்குப் பதில் ‘ஆர்’ என்று வந்தால் அது புரதத்தை அன்று, ஏற்பியைக் குறிக்கும். சிசிஆர் 5 என்ற ஏற்பியை எச்ஐவி கிருமி உயிரணுவுக்குள் நுழையும் வாயிலாகப் பயன்படுத்துகிறது என்று 1996இல் கண்டறிந்தார்கள். மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டு, பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தக் குறையையே பெற்றவர்களின் உயிரணுக்களில் இந்த வாயில் இருப்பதில்லை. வட ஐரோப்பியரிடையே ஓரளவு காணப்படும் இம்மாற்றம் தமிழரிடையே மிக அரிது. 2007இல் ஒப்புதல் பெற்ற மாராவிராக் மருந்து அந்த வாயிலை அடைக்கிறது. இதைப் படிவத்தில் எழுத வேண்டியவர், “இம்மருந்து சிசிஆர் 5 என்னும் செல்வழிப் புரத ஏற்பியை அடைத்து, கிருமி உயிரணுவுக்குள் நுழையாமல் தடுக்கிறது” என்று எழுதலாம்.